பழைய கெப் வாகனமும் பெருத்த புகைக்குழாயும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் ஏ-26 வீதியில், தென்னேகும்புரப் பாலத்தைக் கடந்து குண்டசாலை, பல்லேகல, திகன என்று நீளும் பகுதியில் வசிப்போருக்கு அண்மைக்காலமாகக் கடிகாரத்தில் எலாம் வைக்க வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை. மரக்கறி ஏற்றிக்கொண்டு அதிகாலையிலேயே புறப்படும் பழைய கெப் வாகனங்கள் அந்தப் பணியைச் செய்துவிடுகின்றன. பழைய டீசல் இஞ்சினின் தடதடப்பு எமக்குப் புதியதன்று. முப்பது வருடங்களாகக் கேட்டுப் பழகியதுதான். இப்போது கேட்பது வேறு. சைலன்சரை அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் அகன்ற குழாயொன்றை வெல்டிங் செய்து பொருத்துவதால் எழும் அடித்தொண்டை உறுமல் அது.

இளைஞர்கள் சத்தத்துக்காகவே இதைச் செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களும் அதை மறைப்பதில்லை. எனக்கு வியப்பளித்தது மற்றொரு சாரார். பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கும் கெப் வாகனத்தின் தவணைப் பணத்துக்கும் இடையே அல்லாடுகின்ற, ஆடம்பரம் எதுவுமறியாத மனிதர்கள். அவர்களில் ஒருவரிடம் விசாரித்தபோது, “சத்தத்துக்காக இல்லை ஐயா, டீசல் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும் என்று கராஜில் சொன்னார்கள்” என்றார். அதன் பின்னர் மேலும் சிலரிடம் கேட்டேன். ஏறத்தாழ அதே பதில்தான். இந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். சத்தத்தை விரும்புகிறவனுக்கு அவன் கேட்ட பொருள் கிடைத்துவிடுகிறது. சிக்கனத்தை நாடிச் செல்கிறவருக்குக் கிடைப்பதும் அதே சத்தம்தான். அவர் கேட்டது கிடைப்பதில்லை.

இந்த நம்பிக்கை இவ்வளவு தூரம் பரவியதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடங்களில் நாட்டிலிருந்த பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. கழிவிரும்புக்குப் போயிருக்க வேண்டிய 1980, 1990களின் ஹைலக்ஸ், நிசான், மிட்சுபிஷி கெப்களுக்கெல்லாம் மறுவாழ்வு கிடைத்தது. இதே காலத்தில் எரிபொருள் விலை என்ன ஆயிற்று? பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் ஒட்டோ டீசல் 2021 டிசம்பர் இறுதியில் லீற்றர் 121 ரூபா. 2022 ஜூன் இறுதியில் 460 ரூபா. ஆறே மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கு. வரிசையில் இரவு பகலாகக் காத்திருந்ததையும், பின்னர் கியூ.ஆர். முறையில் வாராந்தம் அளந்து வாங்கியதையும் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த முறை 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு சொட்டையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் மனிதர்களிடம் தங்கிவிட்டது. அப்படிப்பட்ட மனிதரிடம், பத்து லீற்றருக்கு ஒரு லீற்றர் மிச்சம் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் அவர் எப்படி நம்பாமல் இருப்பார்?

சரி, உண்மையில் என்ன நடக்கிறது? நான் பொறியியலாளன் அல்லன். ஆயினும் பத்திரிகைத் தொழில் ஒருவனைக் கணக்குப் போட்டுப் பார்க்கப் பழக்கிவிடும்; இந்தக் கணக்கோ அவ்வளவு கடினமானதும் அன்று.

இப்பகுதியில் அதிகம் ஓடும் பழைய ஹைலக்ஸ் கெப்பை எடுத்துக்கொள்வோம். அதன் 3எல் இஞ்சினின் கொள்ளளவு 2779 கனசென்ரிமீற்றர், டர்போ கிடையாது. நான்கு வீச்சு இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவு முழுவதற்கும் காற்றை உள்ளிழுக்கும். ஆகவே நிமிடத்துக்கு 2000 சுற்று என்ற நிதானமான ஓட்டத்தில் அது இழுப்பது நிமிடத்துக்கு 2800 லீற்றருக்குச் சற்றுக் குறைவான காற்று. எரிந்த வாயு சூட்டினால் விரிந்து இதைப்போல் இரு மடங்காக வெளியேறும் என்று வைத்துக்கொள்ளலாம். தொழிற்சாலையில் பொருத்திய குழாய்க்கும் சைலன்சருக்கும் இது பெரிய சுமையே அல்ல. அவை இந்த இஞ்சின் 4000 சுற்றில் முழு வேகத்தில் பாயும்போது வரும் வாயுவைச் சமாளிக்கும்படி அமைக்கப்பட்டவை. ஓட்டம் பாதியாகும்போது குழாயில் ஏற்படும் தடை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது.

அந்தத் தடைக்குத்தான் மெக்கானிக்குகள் ‘பேக் பிரஷர்’ என்கிறார்கள். எதிர் அழுத்தம் எனலாம். தாராளமாகவே மதிப்பிட்டு, அது வளிமண்டல அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு என்று வைப்போம். சமதரையில் நிதானமாக ஓடும்போது, எரிதலினால் பிஸ்டனைத் தள்ளும் சராசரி அழுத்தம் ஏறத்தாழ நான்கு அல்லது ஐந்து வளிமண்டலம். எனவே எதிர் அழுத்தத்தை முற்றாக இல்லாமற் செய்தாலும் (எந்தக் குழாயாலும் அது முடியாது) மிச்சமாவது நூற்றுக்கு ஒன்று. மாதம் 1500 கிலோமீற்றர் ஓடி, லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் தரும் கெப் ஒன்றுக்கு மாதம் 150 லீற்றர் டீசல் வேண்டும். அதில் நூற்றுக்கு ஒன்றென்றால் ஒன்றரை லீற்றர். புதிய குழாய்க்கும் கூலிக்கும் கொடுத்த பணம் இந்த ஒன்றரை லீற்றரால் எப்போது திரும்பி வரும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பழைய டீசல் இஞ்சினில் எவ்வளவு எரிபொருள் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது டீசல் பம்ப். அந்தப் பம்புக்குக் கட்டளையிடுவது சாரதியின் பாதம். வால் முனையில் குழாய் அகன்றிருப்பது பம்புக்குத் தெரியாது. உணரிகளைக் கொண்டு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் கணினி எதுவும் அந்த வாகனத்தில் இல்லை.

எதிர்த்தரப்பிலும் ஒரு கட்டுக்கதை உலவுகிறது. இஞ்சினுக்கு எதிர் அழுத்தம் தேவை, அது குறைந்தால் வால்வு எரிந்துவிடும் என்று சில பழைய பாஸ்மார் எச்சரிப்பதுண்டு. அதுவும் சரியன்று. எதிர் அழுத்தத்தால் எந்த இஞ்சினுக்கும் நன்மையில்லை. வேண்டியது வாயு வேகம் குறையாமல் வெளியேறுவதே. குழாய் அளவுக்கு மீறி அகன்றால் அந்த வேகம் குறைகிறது. அதனால்தான் பெருத்த குழாய் பூட்டிய கெப் ஏற்றத்தில் முன்னரைவிடச் சோர்ந்து போவதாகச் சிலர் முறைப்படுகிறார்கள்.

டர்போ பொருத்திய வாகனங்களின் கதை வேறென்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அங்கே வெளியேறும் வாயுதான் டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்துக்கு அப்பால் தடை குறைந்தால் அது விரைவில் சுழலத் தொடங்கும். மிட்சுபிஷி எல்-200 போன்ற டர்போ டீசல்களில் சற்றே அகன்ற, வளைவு குறைந்த குழாயொன்று இழுவையில் வேறுபாட்டைத் தரலாம். அங்கும் அது சைலன்சரோடு கூடிய குழாயாக இருப்பதற்குத் தடையேதுமில்லை.

அப்படியானால், பூட்டிய பின் மிச்சம் தெரிந்தது என்று சத்தியம் செய்பவர்கள் பொய் சொல்கிறார்களா? பெரும்பாலானோர் பொய் சொல்லவில்லை என்றே கருதுகிறேன். கராஜில் குழாய் மாற்றும் அன்றே எயார் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்கிறார்கள், ஒயிலை மாற்றுகிறார்கள், சிலவேளை டைமிங்கையும் பார்க்கிறார்கள். அந்தப் பெருமை முழுவதையும் குழாய் தட்டிக்கொண்டு போய்விடுகிறது. மேலும், முன்பு பூட்டியிருந்த சைலன்சர் உள்ளே உக்கி, தகடுகள் உடைந்து வழியை அடைத்திருந்தால், எந்தக் குழாயை மாற்றினாலும் மாற்றம் தெரியும். எங்கள் ஊர் ஈரத்திலும், குறுந்தூர ஓட்டத்தில் சூடேறாத குழாயில் தேங்கும் நீரிலும், டீசலின் கந்தகத்திலும் சைலன்சர் உள்ளிருந்தே துருவேறுகிறது. அப்படி அடைபட்ட சைலன்சரை மாற்றியே ஆக வேண்டும். அதே அளவில் நல்லதொன்றைப் போட்டாலும் அதே பலன் கிடைக்கும்.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் சுவையாகப்பட்டது. சத்தம் கூடியதும் சாரதி தன்னையறியாமலே வேகமிதியிலிருந்து பாதத்தை முன்கூட்டியே எடுக்கிறார். உறுமல், வாகனம் ஏற்கெனவே போதிய வேகத்தில் போவதான எண்ணத்தைத் தருகிறது. மிச்சமாவது அந்தப் பாதத்தினால். குழாய்க்குப் பணம் கொடுக்காமலே அதைச் செய்யலாம்.

உண்மையான சிக்கனம் எங்கேயிருக்கிறது என்று கேட்டால், விடை கொஞ்சம் சலிப்பூட்டுவதுதான். டயரின் காற்றழுத்தம் ஒவ்வொரு அலகு குறையும்போதும் எரிபொருள் செலவு நூற்றுக்கு 0.2 வீதம் கூடுவதாக அமெரிக்க அரசின் எரிசக்தித் திணைக்களம் கூறுகிறது. நான்கு டயரிலும் ஐந்து அலகு குறைவாக ஓடும் கெப், மேலே கணக்கிட்ட நூற்றுக்கு ஒன்றை அங்கேயே இழந்துவிடுகிறது. காற்றடிக்கச் செலவு எவ்வளவு? தேய்ந்த இன்ஜெக்டர் நொசில், பிந்திய டைமிங், விட்டுக்கொடுக்காமல் உரசிக்கொண்டிருக்கும் பிரேக், சரியாத சில்லு நேர்நிலை ஆகியவை இதைவிடப் பெரியவை. குழாயிலிருந்து கரும்புகை வருமானால், எரியாத டீசலாக உங்கள் பணமே அங்கே வெளியேறிக்கொண்டிருக்கிறது. குழாயை அகலமாக்கினால் அந்தப் பணம் அகலமான வாசலால் போகும், அவ்வளவுதான். சந்தேகமிருப்பவர்கள் ஒரே நிலையத்தில் டாங்கி நிரம்ப அடித்து, ஒரே பாதையில் ஓடி, மீண்டும் நிரப்பி, மூன்று தடவைகளின் சராசரியைக் குறித்துக்கொண்டு, அதன் பின்னர் குழாய்க்கு முன்பணம் கொடுக்கட்டும்.

இனிச் சத்தத்துக்கு வருவோம். நான்கு சிலிண்டர் இஞ்சின் 2000 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு 67 தடவைகள் வாயுவை வெளித்தள்ளுகிறது. சைலன்சரின் அறைகளும் துளையிட்ட குழாய்களும் அந்த அடிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குகின்றன. அதை நீக்கினால் வெளிவருவது இந்தத் தாழ்ந்த அதிர்வு. உயர்ந்த ஒலியைச் சுவரும் கதவும் ஓரளவு தடுக்கும். தாழ்ந்த அதிர்வு அவற்றை எளிதில் கடந்துவிடும். மகாவலியின் இரு மருங்கும் மேடும் சரிவுமான இந்நிலத்தில், கீழே வீதியில் எழும் உறுமல் மேலேயுள்ள வீட்டின் யன்னல் கண்ணாடியை அதிரவைக்கிறது. மதுரையிலிருந்து இராணியரை வரவழைத்து மணந்த நரேந்திரசிங்க மன்னன், கண்டி நகரின் அரண்மனையை விட்டுக் குண்டசாலைக்கு வந்து வாசம் செய்தான் என்பது வரலாறு. ‘குண்டசாலை அரசன்’ என்ற பெயரே அவனுக்கு நிலைத்தது. இந்த ஆற்றங்கரையின் அமைதியும் அவனை இழுத்திருக்கும் என்று எண்ணிக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

1996 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், பிரதேச சபைப் பகுதிகளைக் குறைந்த ஒலிப் பகுதிகளாகக் கொண்டு, பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. குண்டசாலையும் பிரதேச சபைப் பகுதிதான். வீதியில் ஓடும் வாகனத்தை அளக்கும் கோலாக நான் இதைக் கூறவில்லை; இங்கு வாழ்பவருக்கு எவ்வளவு அமைதி உரித்தானது என்று அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டவே கூறுகிறேன். 2018 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியப் பிராந்தியம் வெளியிட்ட வழிகாட்டலும் வீதிப் போக்குவரத்தின் இரவு ஒலி 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. டெசிபலில் பத்துக் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு என்பதை மனதிற்கொள்க.

அயலவரின் தூக்கத்தைவிடப் பெரிய ஆபத்தொன்றும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செலவைக் குறைப்பதற்காகச் சில கராஜ்களில் புதிய குழாயை வாகனத்தின் பின்முனைவரை கொண்டுசெல்லாமல், பின்சில்லுக்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறார்கள். புகை வாகனத்தின் அடியில் சுழன்று, மேற்கூரையிட்ட பின்தட்டுக்குள் ஏறுகிறது. அந்தத் தட்டில் உட்கார்ந்து வருபவர்கள் யார்? மூட்டை தூக்கும் தொழிலாளர்கள், தோட்டங்களிலிருந்து கூலிவேலைக்கு வரும் பெண்கள், சிலவேளை பாடசாலைப் பிள்ளைகள். டீசல் புகை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் ஐயத்துக்கிடமின்றி வகைப்படுத்தியது. முன்னாசனத்தில் இருப்பவர் உறுமலைக் கேட்டு மகிழ்கிறார். பின்னாலிருப்பவர் அதைச் சுவாசிக்கிறார்.

சத்தமே சக்தி என்ற மயக்கம் எமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897 இலேயே வாகன சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மோட்டார் கார்களில் சைலன்சரைத் தவிர்த்துப் புகையை நேரே வெளிவிடும் ‘கட்-அவுட்’ என்ற கதவு இருந்தது. அதைத் திறந்தால் சக்தி கூடும் என்று அன்றும் சொன்னார்கள். நகரங்கள் ஒவ்வொன்றாக அதைத் தடைசெய்தன. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில், சுற்றியிருந்த குடியிருப்பாளர்களின் முறைப்பாட்டினால் 1920களில் பந்தயக் கார்களுக்கே சைலன்சர் கட்டாயமாக்கப்பட்டது. மரக்கறி ஏற்றும் கெப் ஒன்றுக்கு அது இல்லாமல் முடியாதா என்ன?

எமது நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டத்தோடு, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அனுமதியின்றிப் பொருத்திய உபகரணங்களை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் ஆரம்பித்தனர், சங்கங்கள் எதிர்த்தன, அவகாசம் வழங்கப்பட்டது. இத்தகைய நடவடிக்கைகளில் எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான். வீதியோரத்தில் நிற்கும் உத்தியோகத்தர் தன் காதைக் கொண்டே தீர்ப்பளிக்க வேண்டியிருக்கிறது. சைலன்சர் துருவேறி ஓட்டை விழுந்த ஏழையும், பணம் கொடுத்து அதை அறுத்தெறிந்தவரும் அவர் காதுக்கு ஒன்றே. வசதியுள்ளவரின் விலையுயர்ந்த வாகனம் அதைவிட உரத்துக் கத்தினாலும் அது ‘கம்பனிக் குழாய்’ என்று தப்பித்துக்கொள்கிறது. இந்தியாவில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாதென்று தீர்ப்பளித்தது. அங்கே பல நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களை வீதியில் அடுக்கி ரோட் ரோலரை ஏற்றி நசுக்குகிறார்கள். படம் பிடிக்க நல்ல காட்சி. மறுவாரம் அதே கடையில் அதே குழாய் விற்பனையாகிறது.

வழி நம் கண் முன்னாலேயே இருக்கிறது. 2008 முதல் இந்நாட்டில் வாகனப் புகைப் பரிசோதனை நடைபெற்று வருகிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. ஆதலால் சட்டப்படி ஓடும் கெப் வருடத்துக்கு ஒருமுறையேனும் அந்த வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். அங்கே குழாய்க்குள் கருவியை நுழைத்து, வேகமிதியை அழுத்தி, புகையின் அடர்த்தியைப் பார்க்கிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் வாகனம் எழுப்பும் ஒலி பரிசோதகரின் காதைப் பிளக்கிறது, அதைக் குறித்துக்கொள்வாரில்லை. குழாயின் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில், 45 பாகைக் கோணத்தில் ஒலிமானியை வைத்து, நிறுத்திய வாகனத்தின் சத்தத்தை அளக்கும் முறை ஐ.எஸ்.ஓ. 5130 என்ற சர்வதேச நியமமாகவே இருக்கிறது. புகையை அளக்கும் கருவியோடு ஒப்பிட்டால் ஒலிமானி மலிவானது. கூடுதலாகத் தேவைப்படும் நேரமும் ஒரு சில நிமிடங்களே.

பழைய வாகனங்களுக்கு அவற்றின் வயதுக்கேற்ற, எட்டக்கூடிய எல்லையொன்றை முதலில் நிர்ணயிக்க வேண்டும். தவறினால் உடனே தண்டம் விதிக்காமல், சைலன்சரைச் சீர்செய்து மீண்டும் வர மூன்று மாதங்கள் கொடுக்கலாம். துரு தின்ற சைலன்சரோடு வந்தவர் அதைச் சீர்செய்துகொள்வார். வேண்டுமென்றே அறுத்தவர் மீண்டும் பூட்டுவார். பரிசோதனை முடிந்ததும் மறுபடி கழற்றிவிடுவார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். சிலர் செய்யக்கூடும். ஆனால் அப்போது பொலிஸாரின் கையில் அந்த வாகனத்தின் இலக்கத்துக்கு நேரே எழுதப்பட்ட ஓர் எண் இருக்கும். வீதியில் மீண்டும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து வழக்குத் தொடர்வதற்கு அது போதும்.